அமலதாஸ் இறக்காத கொடி

ஓடைக்கல் ஜங்ஷன் ரயில்வே ரைபிள் கிளப்பில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தூக்கிய சிவப்புக் கொடி இன்னும் இறக்கப்படவே இல்லை என்பது, செசிலி தன் ரைபிளின் மேல் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் அந்தக் கொடிக்கு எதிரில் எத்தனையோ பேர் படுத்துச் சுட்டிருக்கிறார்கள், கோப்பை வாங்கியிருக்கிறார்கள், போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

செசிலிக்கு ஸ்கோப் மேல் ஆசை ஒன்றும் இருந்ததில்லை. கல்யாணமாகி ஜங்ஷனுக்கு வந்த புதிதில், விபத்து நடந்த இடத்துக்குப் போகும் ரிலீஃப் வண்டியில் பாரம் தூக்கும் கலாசியாக இருந்த அவள் புருஷன் அமலதாஸ் அவளைச் சைக்கிளில் வைத்துக் கிளப்புக்குக் கூட்டிவந்து, பொழுது போகட்டுமே என்று பாயில் படுக்கவைத்து ரைபிளைக் கையில் கொடுத்தான். அந்த வருஷ முடிவிலேயே அவள் ஷெட் ஃபோர்மேன் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை அத்தனை மீசைகளையும் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போய் அதில் கல்லுப்பு போட்டு வைத்தாள். அமலதாஸுக்குச் சுட வராது. அவன் வேலையெல்லாம் ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம், குறி அட்டைகள் நிற்கும் மண்மேட்டடியில். மைதா மாவைக் காய்ச்சி, எலி கடிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, அந்தப் பசையை டப்பாவில் எடுத்துப் போய், தோட்டா போட்ட ஓட்டைகளின் மேல் கறுப்புத்தாள் துண்டுகளை ஒட்டி அட்டையைத் திரும்பப் புதுசாக்குவான். அதனால் அவன் வலதுகை விரல் நுனிகள் எப்போதும் லேசாக நீலமாக இருக்கும். சோற்றில் வைக்கும் முன்னால் அந்தக் கையை ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிச் செசிலி வாசற்படியிலேயே நிறுத்திவைப்பாள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது, ரயில்வேக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழக்கம். ரயிலில் கார்டு கொடி காட்டினால் டிரைவர் பதில் காட்ட வேண்டும். பதில் வராத சிக்னல் சிக்னலே இல்லை என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. அதனால் அட்டை ஒட்டப் போனவன் வேலை முடிந்ததும் தன் பாட்டுக்கு ஒதுங்கிவிட மாட்டான். சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி அட்டைக்கு முன்னாலேயே நிற்பான். படுத்திருப்பவர், எதை எடுத்துவிட்டால் ரைபிள் சுடாதோ அந்த போல்ட்டைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு இடது கையை உயர்த்திக் காட்ட வேண்டும், உன்னைப் பார்த்துவிட்டேன், நீ போகலாம், நான் சுடப்போகிறேன் என்று. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அவன் கொடியைச் சுருட்டிக்கொண்டு செங்கல் தடுப்புக்குப் பின்னால் போவான்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் அமலதாஸ் செசிலி சுடும் மூன்றாம் தடத்து அட்டையை ஒட்டி முடித்து, கொடியைத் தூக்கிக்கொண்டு, பாயில் கிடந்த தன் பெண்டாட்டியின் கைக்காகக் காத்து நின்ற நேரத்தில் லோகோ ஷெட்டின் சங்கு ஊதியது. வேலை முடிந்து ஊதும் சங்கு வேறு. இது நிற்காமல் ஊதும் விபத்துச் சங்கு. போல்ட்டைக் கழற்றி வைத்த செசிலி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள், மறுபடி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் அவன் கொடியை மண்ணில் குத்திவிட்டு யார்டைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தான், ரிலீஃப் வண்டி கிளம்பிவிட்டது, மறுநாள் விடிந்தபோது கவிழ்ந்த பெட்டியொன்று கிரேன் சங்கிலியிலிருந்து நழுவி அவன் மேல் விழுந்ததென்று ஆள் வந்து சொன்னார்கள். வயிற்றில் ஆக்னஸ் இருப்பது அப்போது செசிலிக்கே தெரியாது. கருணை அடிப்படையில் ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை கொடுத்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டு, மகளைப் படிக்கவைத்துக்கொண்டு, அவள் வருஷங்களைக் கடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்றாம் தடத்துப் பாயில் குப்புறப் படுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் அவளுக்கென்று இருந்தது. அந்தத் தடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, கேட்கும் தைரியமும் யாருக்கும் வந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவருஷம் கண் மக்கர் பண்ணியது. பழைய முறையில் சுட, பின்னாலிருக்கும் சின்னத் துளை, குழல் முனையிலிருக்கும் வளையம், அதற்கப்பால் அட்டையின் கறுப்பு வட்டம் என்று மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பார்க்க வேண்டும். செசிலிக்கு ஒன்று தெரிந்தால் ஒன்று கலங்கியது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷெரீப் பாய், கிளப்பிலும் உறுப்பினர், அவளுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெட்டியை மூடிவைத்துவிட்டார். இனிமேல் கண்ணாடி போட வேண்டியது அக்காவுக்கில்லை, அக்காவின் ரைபிளுக்கு என்றார். மூத்தோர் போட்டியில் இப்போதெல்லாம் ஸ்கோப்பை அனுமதிக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். செசிலி கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஆனால் வருஷாந்திர ஜங்ஷன் போட்டி வந்துகொண்டிருந்தது, அவள் போகாவிட்டால் மூன்றாம் தடத்தில் வேறொருத்தர் படுப்பார் என்ற நினைப்பு அவளைச் சாப்பிட விடவில்லை. சரி, வாங்க பாய் என்று அவளே கடை வாசலில் போய் நின்றாள்.

காலை பாசஞ்சரில் ரெண்டு பேரும் பட்டணத்துக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது, எதிர்க் கட்டிடத்துக் கடிகாரத்தின் நொடி முள்ளைக்கூட முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிற பெரிய ஸ்கோப். அதற்குள்ளிருந்த மெல்லிய சிலுவைக் கம்பி செசிலியின் நெஞ்சு அடிக்க அடிக்கத் துள்ளியது. என் நெஞ்சு அடிக்கிறதை நான் எதற்குப் பார்க்கணும், எடுத்து உள்ளே வையுங்கள் என்றாள். ரெண்டாவது, வேட்டைக்காரர்களுக்கென்று செய்தது. தலையை ஒரு மயிரிழை நகர்த்தினால் கம்பியும் நகர்ந்து போனது, தூரத்தில் நிற்கிற மானுக்குத்தான் இது சரிவரும், கிட்டத்தில் நிற்கிற அட்டைக்கு ஆகாது என்று ஷெரீப் பாயே தள்ளிவிட்டார். மூன்றாவது கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் பெட்டிகூட இல்லாமல் கிடந்தது; சுமாராகத்தான் பெரிதாக்கும், முன்பக்கம் தூரம் வைக்க ஒரு வளையம், அவ்வளவுதான். பாய் அந்த வளையத்தை ஐம்பதுக்குத் திருப்பிக் கொடுத்தார். செசிலி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள், கம்பி அடித்துவைத்த ஆணி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. அசையாமல் நிற்கிறதே, இது போதும் என்று சொல்லிவிட்டாள். அது எங்கே செய்தது, முன்னால் யாரிடமிருந்தது என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது.

மாட்டிய அன்றைக்குக் கிளப் மேஜையைச் சுற்றி ஏகப்பட்ட தலைகள். ஒருவர் வேலை செய்தால் ஒன்பது பேர் யோசனை சொல்வது அந்த ஊர் சம்பிரதாயம். ஷெரீப் பாய் யார் பேச்சையும் காதில் வாங்காமல், பிடிவளையங்களுக்குள் மெருகுப் பசை தடவி ஒரு இரும்புத் தண்டை உருட்டித் தேய்த்து மேடு பள்ளம் நீக்கினார். கன்னம் ரைபிள் கட்டையை விட்டு எழும்பக் கூடாது என்று ஸ்கோப்பைக் குழலுக்கு எவ்வளவு நெருக்கமாக இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். செசிலியைப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் போலக் கன்னத்தை வைக்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, ஓரத்தில் கறுப்பு நிழல் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு முன்னும் பின்னும் நகர்த்தினார். தலை ஸ்கோப்பைத் தேடிப் போகக் கூடாது, ஸ்கோப்தான் தலை இருக்கிற இடத்துக்கு வரணும் என்று அவர் சொன்னது மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் சிலுவைக் கம்பியை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். பாய் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடப் போனார். அங்கேதான் தணிகாசலம் குறுக்கிட்டார். தணிகாசலம் ஓய்வு பெற்ற கார்டு, கிளப்பின் ரேஞ்ச் அதிகாரி, சுடும் இடத்தில் அவர் வைத்ததே விதி, எண்பதைத் தொடப் போகிற வயதிலும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார். மண்மேட்டுக்கு அப்பால் பழைய கைகாட்டி சிக்னல் கம்பம் ஒன்று நின்றது, கலர் விளக்கு வந்தபோது கையை மட்டும் கழற்றிக்கொண்டு கம்பத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் காட்டினார் தணிகாசலம்.

"அங்க கம்பம் நிக்கிறப்ப நூல் எதுக்கு பாய்? மனுசன் சாய்வான், மாடி வீடு சாயும், சிக்னல் சாயுமா?"

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருத்தருக்கும் அதில் சந்தேகமில்லை. கம்பம் ஒரு விரல்கடை கிழக்கே சாய்ந்திருப்பதை எந்தக் கொத்தனாரும் ஒரு பார்வையில் சொல்லியிருப்பான், ஆனால் கிளப்பில் கொத்தனார் யாரும் இல்லை. பாய் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பத்தோடு கம்பியைச் சேர்த்து நிறுத்தி, தண்டவாளத்து போல்ட்டை முடுக்குகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றாகத் திருகுகளை முடுக்கினார். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவும் ஒருமுறை பார்க்கச் சொன்னார், குழலும் ஸ்கோப்பும் ஒரே அட்டையைப் பார்க்கின்றனவா என்று தெரிய வேண்டுமே. செசிலி குழல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் தடத்து அட்டை தெரிந்தது. அப்புறம் ஸ்கோப் வழியாகப் பார்த்தாள். அட்டைக்கு முன்னால் அமலதாஸ் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அவன் சட்டையின் ரெண்டாவது பொத்தான்; நீலக் கட்டம் போட்ட சட்டைக்கு அவள் வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்தது, வேறு நூல் அன்றைக்கு வீட்டில் இல்லை. கொடி காற்றில் படபடத்தது. அவன் வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் பார்த்தபடி நின்றான். அவனுக்குப் பின்னால் கம்பத்தில் கைகாட்டி இருந்தது, அடுக்குமாடி கட்டுவதற்காக வெட்டிய வேப்பமரம் இருந்தது, கரி எஞ்சின் ஒன்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

"கொடி தூக்கியிருக்கு, கார்டு சார்" என்றாள் செசிலி, கழற்றிய போல்ட்டை எடுத்து விதிப்படி பாயில் வைத்துவிட்டு.

தணிகாசலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, படுத்து, பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுப்பிவிட ரெண்டு பேர் வேண்டியிருந்தது. எழுந்ததும் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, விசிலை ஊதி, ரேஞ்ச் மூடப்பட்டது என்று அறிவித்தார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. பேய் பிசாசு என்று ஒருத்தரும் சொல்லவில்லை, பேய் எதற்காக ரேஞ்ச் விதியை மதித்துக் கொடி பிடிக்க வேண்டும். விவாதமெல்லாம், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தூக்கிய கொடி இன்றைக்குச் செல்லுமா என்பதைப் பற்றித்தான். தோட்டா போவது குழல் வழியாக, குழல் வழியே பார்த்தால் ஆள் இல்லை, ஆகவே சுடலாம் என்றது ஒரு கட்சி. கண் போகிற இடத்துக்குத்தான் தோட்டா போகும், கண்ணுக்கு எதிரே ஆள் நிற்கிறான், ஆகவே கூடாது என்றார் தணிகாசலம். மற்ற தடங்களையாவது திறக்கலாமே என்று கேட்டதற்கு, ஒரு தடத்தில் கொடி இருந்தால் எல்லாத் தடத்திலும் கொடி இருப்பதாக அர்த்தம் என்று விதியை ஒப்பித்தார்.

சுடுவது நின்றுபோனதும் பார்ப்பது ஆரம்பித்தது. போல்ட் தணிகாசலத்தின் சட்டைப் பையில், ரைபிள் மணல் மூட்டைகளின் மேல், செருப்பு வெளியே. ஓய்வு பெற்ற டிரைவர்கள் அமலதாஸைப் பார்த்து ஒரு மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, அவன் தோளுக்கு மேலே தெரிந்த கரி எஞ்சினைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். அந்த எஞ்சின் என்னுடையது, இல்லை என்னுடையது என்று கட்டிப் புரளாத குறை. குவார்ட்டர்ஸ் கம்பி வேலியில் காய்ந்த வாடாமல்லிப் புடவையை அடையாளம் கண்ட காசியம்மாள், அது காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு முப்பத்தைந்து வருஷமாகப் பேசாமலிருந்தவள், அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து படுக்கவைத்துக் காட்டினாள். அந்தச் சாயங்காலம் வரைக்கும் புடவை இருந்திருக்கிறது என்பது நிரூபணமானதால் சண்டை இன்னும் பலமாகியது. பங்குச் சாமியார் அங்கியோடு குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் பாடகர் குழுவில் சுருதி சேராமல் பாடுவானே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருகிறவர்களெல்லாம் என்ன அமலு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். போன தெருக்கள், போன மரங்கள், போன சத்தங்கள் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் சாயங்கால வெயிலில் அப்படியே இருந்தன, வெளியே மழை பெய்த நாளில்கூட உள்ளே வெயில்தான்.

இதற்கிடையில் அடுக்குமாடிக்கு வேலைக்கு வந்த ஒரு கொத்தனார் வேடிக்கை பார்க்க வந்து, கம்பம் சாய்ந்திருக்கிறது, அதோடு சேர்த்துக் கண்ணாடியையும் சாய்த்து மாட்டியிருக்கிறீர்கள் என்று போட்டு உடைத்தார். ஷெரீப் பாய்க்குத் தூக்கம் போய்விட்டது. தப்பாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் என்ற பெயர் அவருக்கு இந்த வயதில் தேவையா, திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். காலனியே ரைபிளைச் சுற்றி நின்றுகொண்டது. திருகைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவோம் என்று, பாயிடம் கண்ணாடி போட்ட கிழவர்களே அவரை மிரட்டினார்கள்.

செசிலி தினமும் கூட்டமெல்லாம் போன பிறகு படுப்பாள். அவன் இருபத்தெட்டில் நின்றுவிட்டான், அவள் அறுபதைத் தாண்டிவிட்டாள், நரைத்த தலையைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று முதல் சில நாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்தாள். பிறகு அந்த வெட்கம் போய்விட்டது. ஒரு கையை உயர்த்தினால் போதும், அவன் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் அவள் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கையைக் காட்டினால் அவன் போய்விடுவான். அவள் ரெண்டு கையையும் நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது, கொடி இறங்காவிட்டால் இந்த வருஷப் போட்டியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று கடிதம் வந்தது, வரட்டும் என்றாள்.

ஆக்னஸ் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், நாளெல்லாம் பிறத்தியாரின் தோளையும் முட்டியையும் மடக்கி நீட்டுகிறவள். அப்பாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள், அதிலும் கல்யாண மாலை பாதி முகத்தை மறைத்திருக்கும். அவள் படுத்ததும் செசிலி பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னைவிடச் சின்னவரா இருக்காரும்மா" என்றாள் ஆக்னஸ். கொஞ்ச நேரம் கழித்து, அவள் குரல் மாறியது, ஆஸ்பத்திரிக் குரல் வந்துவிட்டது. "வலது தோள் எறங்கிருச்சு. இடது கையால முழங்கையத் தாங்கிட்டிருக்காரு, பாத்தியா? உடம்ப அந்தப் பக்கம் சாச்சு சாச்சு சமாளிக்கிறாரு. கை வலிக்குதும்மா அவருக்கு."

செசிலி மகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள், சிரிப்பைப் பார்த்தாள், நீல விரல்களைப் பார்த்தாள், இத்தனை நாளும் அவற்றைத்தானே பார்த்தாள். முழங்கைக்கடியில் இருந்த இடது கையை இப்போதுதான் பார்த்தாள். முதல் நாள் கொடி அவன் தலைக்கு மேலே நின்றது. இப்போது காதளவுக்கு இறங்கியிருந்தது. ஊரே வந்து மரத்தையும் எஞ்சினையும் புடவையையும் பார்த்துக்கொண்டு போக, அவன் ஒருத்தன் மட்டும் நடுவில் நின்று கொடி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது, தன் மேலேயே கோபமும் வந்தது.

மறுநாள் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போய், போட்டியன்றைக்குக் கையைக் காட்டப் போகிறேன் என்று சொன்னாள். சும்மா காட்டக் கூடாது, கையைக் காட்டினால் சுட வேண்டும், அவன் ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பது அவள் சுடப்போகும் அட்டைக்காக, அதனால் போட்டியிலேயே காட்டுகிறேன் என்றாள். தணிகாசலம் விசிலை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரிலீஃப் வண்டிக்குப் பச்சை காட்டுனது நான்தான் செசிலி" என்றார். "கடைசியா ஓடிவந்து ஏறுனான். அவன் ஏறட்டும்னு நிறுத்திவச்சிருந்து காட்டுனேன். அன்னிக்கு ஒரு செவப்பக் காட்டிருந்தா அவன் இருந்திருப்பான். இத்தன வருசங் கழிச்சு இப்பத்தான் ஒரு செவப்பு கெடைச்சிருக்கு, அத எறக்கச் சொல்றியேம்மா."

"நீங்க அவர ஏத்தாம வண்டிய விட்டிருந்தா அவரு தண்டவாளத்துலயே நடந்து போயிருப்பாரு, கார்டு சார்" என்றாள் செசிலி. "உங்களுக்குத் தெரியாதா அவர. கை வலிக்குதாம். ஆக்னஸ் சொல்றா."

தணிகாசலம் விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து, துண்டால் துடைத்து, அவளிடம் கொடுத்தார்.

போட்டியன்று வெளியூர்க்காரர்கள் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், ஜங்ஷன்காரர்கள் ஒருத்தரும் உட்காரவில்லை. முந்தின நாள் எல்லோரும் ஒருமுறை வந்து படுத்து, அவரவர் பார்க்க வேண்டியதைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். செசிலி மூன்றாம் தடத்துப் பாயில் படுத்து, கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் திறந்தாள். போல்ட்டைக் கழற்றிப் பாயில் வைத்தாள். இந்தத் தரம் எந்தச் சங்கு ஊதினாலும் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். இடது கையை உயர்த்தினாள், விரல்களை விரித்து, அவன் தெளிவாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் அதிக நேரமே.

அமலதாஸ் பார்த்தான். மோவாயைத் தூக்கிச் சிரித்தான், அப்பாடா என்கிற சிரிப்பு. கொடியை இறக்கி, வலது தோளை ஒரு சுற்று சுற்றி நெட்டி முறித்து, துணியைக் கம்பில் சுருட்டிக்கொண்டு, பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து செங்கல் தடுப்புக்குப் பின்னால் போனான். அவன் போனதும் எஞ்சினைக் காணோம், வேப்பமரத்தைக் காணோம். அடுக்குமாடி பால்கனியில் யாரோ ஜமுக்காளம் உதறிக்கொண்டிருந்தார்கள். கையில்லாத கம்பமும் மூன்றாம் தடத்து அட்டையும் மட்டும் நின்றன.

"கொடி எறங்கிருச்சு, கார்டு சார்" என்றாள் செசிலி.

தணிகாசலம் விசிலை ஊதினார், முதல் தரம் சத்தம் வரவில்லை, ரெண்டாவது தரம் வந்தது.

போல்ட்டைத் திரும்பப் போட்டு அவள் சுட்டாள். ஒவ்வொரு தோட்டாவும் கையை விட்டுப் போகும்போதே எங்கே போகிறதென்று உடம்புக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தூரக்கண்ணாடியில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர் நடுவர் உதட்டைப் பிதுக்கினார்; ஒன்றுகூட அட்டையில் விழவில்லை, பாவம் வயதாகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சுட்டு முடித்ததும், இப்போதெல்லாம் யாரும் நடந்து போவதில்லை, கயிற்றை இழுத்தால் கப்பியில் அட்டை வந்துவிடும், ஷெரீப் பாய் இழுத்தார். அட்டையில் ஓட்டையே இல்லை. பாய் அதன் மேல் விரலை ஓட்டினார், விரல் ஈரமாகியது. எடுத்துத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் இடத்தில், கறுப்புத்தாள் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் மடங்காமல் அழகாக ஒட்டியிருந்தன. மைதாப் பசை வாடை வந்தது. பழைய ஆட்கள் எல்லோரும் அந்த வாடைக்கு ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

நடுவர் நல்ல மனுஷர்தான், ஆனால் ஒட்டுப்போட்ட ஓட்டைக்கு மதிப்பெண் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை, ஒட்டுகளை உரித்துப் பார்த்தால் வேண்டுமானால் யோசிக்கலாம் என்றார். தணிகாசலம் உடனே நகத்தை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"உரிக்காதீங்க, கார்டு சார்" என்றாள் செசிலி. "ஒட்டி முடிச்சுட்டாரு."

அந்த வருஷப் பட்டியலில் செசிலியின் பெயர் எல்லோருக்கும் கடைசியில், பூஜ்யத்துக்கு நேராக வந்தது. கோப்பை எந்த ஊருக்குப் போனதென்று ஜங்ஷனில் கேட்டால் இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஷெரீப் பாய் நூலையும் நட்டையும் கட்டித் தொங்கவிட்டு ஸ்கோப்பை நேராக மாட்டிக் கொடுத்தார், யாரும் தடுக்கவில்லை. செசிலி அட்டையை ஈரம் காயுமுன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மகளோடு வீட்டுக்கு நடந்தாள்.

ராத்திரி ஆக்னஸ் சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். செசிலி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்தாள். அட்டையைப் பிடித்திருந்த விரல்களின் நுனி லேசாக நீலமாகியிருந்தது. இந்தக் கையோடு சோற்றைத் தொடக் கூடாது, ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்த வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். அவள் எழுந்திருக்கவில்லை. ஆக்னஸ் அம்மாவின் கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.